ஊர் அடங்கியது, படிப்பு அடங்கவில்லை!

தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் கொரோனா காலத்தை வென்ற கதை

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. பஸ் ஓடாத ஆண்டு. திருவிழா நடக்காத ஆண்டு.

அந்த 2020-ம் ஆண்டில்தான், தேனி மாவட்டத்தின் ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் இந்தியா முழுவதும் பேசப்பட்டது.

அந்த ஊர், பெரியகுளத்தை அடுத்த சில்வார்பட்டி. அங்கே ஆடு மேய்த்துப் பிழைக்கும் ஒருவரின் மகன், டாக்டர் படிப்புக்கான ‘நீட்’ தேர்வில் 720-க்கு 664 மார்க் வாங்கினார். நாடு முழுவதிலும் அரசுப் பள்ளிகளில் படித்துத் தேர்வு எழுதியவர்களில் அவரே முதலாவது என்று பத்திரிகைகள் எழுதின.

அவர் பெயர் ஜீவித்குமார்.

இது அதிர்ஷ்டமா? இல்லை. ஒரு பிள்ளையின் விடாமுயற்சி ஒரு பக்கம். ஊர் கூடித் தேர் இழுத்தது மறுபக்கம். இரண்டும் சேர்ந்ததால் கிடைத்த வெற்றி அது.

கடைசிப் பரீட்சை நாள்

2020 மார்ச் 24. பிளஸ் டூ மாணவர்களுக்கு அன்று கடைசிப் பரீட்சை. அன்று மாலை 6 மணி முதல் தமிழ்நாடு முழுவதும் தடை உத்தரவு என்று அரசு அறிவித்திருந்தது. அன்று இரவே, நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார்.

கடைசிப் பரீட்சைக்கு வர முடியாமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களுக்காக ஜூலை 27-ந் தேதி மறுபடியும் பரீட்சை வைக்க வேண்டியிருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளின் பாடு இன்னும் திண்டாட்டம். மார்ச் 27-ந் தேதி தொடங்க வேண்டிய தேர்வு ஜூன் 1-க்குப் போயிற்று. பிறகு ஜூன் 15-க்குப் போயிற்று. கடைசியில், ஜூன் 9-ந் தேதி, “தேர்வே இல்லை, எல்லோரும் பாஸ்” என்று அரசு அறிவித்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மார்க்குகளையும், பள்ளிக்கு வந்த நாட்களையும் கணக்கிட்டு மார்க் போட்டார்கள்.

தமிழ்நாட்டில் மட்டுமா இந்த நிலை? உலகம் முழுவதும் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டன. சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. மனித சரித்திரத்தில் இப்படி ஒரு காலம் இதற்கு முன் வந்ததில்லை.

ஜீப் ஓடவில்லை!

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த ஊரடங்கு இரட்டை அடியாக வந்தது.

ஏன் தெரியுமா?

கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மலைக்கு மேலேதான் பிழைப்பு. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். பெண்கள் தூக்குச் சட்டியுடன் ஏறுவார்கள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். அந்திக்குத் திரும்புவார்கள். அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரியும். பிள்ளையின் படிப்பும் நடக்கும்.

மாநில எல்லை மூடப்பட்டது. ஜீப்புகள் நின்றன. கூலியும் நின்றது.

பள்ளத்தாக்கின் மற்றொரு செல்வம் திராட்சை. வருஷம் முழுவதும் காய்க்கும் பன்னீர் திராட்சை இந்த மண்ணின் பெருமை. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஊரடங்கில் லாரி ஓடவில்லை. சந்தை கூடவில்லை. வாங்க வியாபாரி வரவில்லை. கொடியில் பழுத்த பழத்தைப் பறித்து விற்க வழியில்லாமல் விவசாயிகள் கலங்கினார்கள்.

வீட்டில் வருமானம் இல்லை. பள்ளியில் மத்தியானச் சாப்பாடு இல்லை. இந்த நேரத்தில் ஒரு பிள்ளை புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்றால், அது லேசான காரியமா?

வீட்டுக்குள் வந்த பள்ளிக்கூடம்

பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை. பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தேடி வந்தது.

2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ‘கல்வித் தொலைக்காட்சி’யைத் தொடங்கியிருந்தது. கொரோனா காலத்தில் அது பெரிதும் கைகொடுத்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நேரம் வைத்துப் பாடம் நடத்தினார்கள். டெலிவிஷன் பெட்டியே கரும்பலகை ஆயிற்று.

பாடப் புத்தகங்களைப் பள்ளிக்கு வரவழைத்துக் கொடுத்தார்கள். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

ஆனால் எல்லா வீட்டிலும் வசதி ஒன்றாக இருக்குமா? ஆன்லைன் வகுப்புக்கு நல்ல செல்போன் வேண்டும். பல வீடுகளில் ஒரே ஒரு செல்போன்தான். அதையும் வேலைக்குப் போகும் தகப்பனார் எடுத்துப் போய்விடுவார். மலையடிவாரக் குடியிருப்புகளில் போன் இருந்தாலும் சிக்னல் கிடைக்காது.

அப்போது கைகொடுத்தது எது? பக்கத்து வீடுதான்! டெலிவிஷன் உள்ள வீட்டில் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடம் கிடைத்தது. ஒருவர் போனில் வந்த பாடத்தை மற்றவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மேல் வகுப்புப் பிள்ளை கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது. பாடத்தில் சந்தேகம் என்றால் போனில் கூப்பிடு என்று சொன்ன ஆசிரியர்கள் எத்தனையோ பேர்.

193-ம் 664-ம்

இனி சில்வார்பட்டிக்கு வருவோம்.

ஜீவித்குமார் படித்தது அந்த ஊர் அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளியில். தகப்பனார் ஆடு மேய்ப்பவர். தாயார் நூறு நாள் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர்.

2019-ல் பிளஸ் டூ முடித்தார். அந்த ஆண்டே ‘நீட்’ எழுதினார். கிடைத்த மார்க் 193!

720-க்கு 193. இந்த மார்க்கை வைத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. “நமக்கு இது எட்டாது” என்று பலர் விட்டுவிடும் இடம் அதுதான்.

அவர் விடவில்லை. இன்னொரு முறை எழுதுவது என்று தீர்மானித்தார்.

‘நீட்’ தேர்வு எப்படிப்பட்டது? மூன்று மணி நேரம். 180 கேள்விகள். பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய பாடங்களிலிருந்து கேட்பார்கள். சரியான விடைக்கு 4 மார்க். தவறான விடைக்கு 1 மார்க் குறைப்பு. யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பழக்கம் வேண்டும், பயிற்சி வேண்டும்.

பயிற்சிக்குப் பணம் வேண்டும். ஆட்டுக் கிடையில் அவ்வளவு பணம் ஏது?

கைகொடுத்தவர்கள்

இங்கேதான் மற்றவர்கள் வருகிறார்கள்.

பையனின் திறமையைப் பள்ளியின் தலைமை ஆசிரியரும் ஆசிரியர்களும் அறிந்திருந்தார்கள். பிளஸ் டூ முடிந்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. உதவி கேட்டு நல்லவர்களின் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தது. கட்டணத்துக்கு வழி பிறந்தது. நாமக்கல்லில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் ஜீவித்குமார் சேர்ந்தார்.

அந்தப் பயிற்சி ஆண்டின் நடுவில்தான் கொரோனா வந்தது. பயிற்சி நிலையங்களும் மூடப்பட்டன. மே 3-ந் தேதி நடக்க வேண்டிய தேர்வு ஜூலை 26-க்குத் தள்ளிப் போயிற்று. மறுபடியும் செப்டம்பர் 13-க்குத் தள்ளிப் போயிற்று.

தேர்வு தள்ளிப் போவது நல்லதுதானே என்று நினைக்கலாம். அப்படி அல்ல. தேர்வு நடக்குமா, நடக்காதா என்றே தெரியாத நிலையில் நாலு மாதத்துக்கு மேல் தினமும் உட்கார்ந்து படிப்பது பெரிய சோதனை. வெளியே வியாதி பயம். வீட்டில் வருமானக் கவலை. அந்தச் சோதனையைத் தாண்டித்தான் பிள்ளைகள் தேர்வு மண்டபத்துக்கு வந்தார்கள்.

முகக்கவசம் அணிந்து, நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு எழுதினார்கள். அக்டோபர் 16-ந் தேதி முடிவு வந்தது.

193 வாங்கியவர் 664 வாங்கியிருந்தார்! அகில இந்திய வரிசையில் 1,823-வது இடம்.

இளையராஜாவைத் தந்த பண்ணைப்புரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கவிஞர் வைரமுத்துவை வளர்த்த வடுகபட்டியும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்களின் வரிசையில் சில்வார்பட்டியும் பேர் வாங்கிவிட்டது.

கதவு திறந்த சட்டம்

ஒரு ஜீவித்குமார் போதுமா? மற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கதி என்ன?

தமிழ்நாட்டில் 2017-ல் ‘நீட்’ நடைமுறைக்கு வந்தது முதல், அரசுப் பள்ளியில் படித்து டாக்டர் படிப்புக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. இதை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் ஒரு குழுவை அரசு நியமித்தது.

அதன் பிறகு, 2020 செப்டம்பரில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அளிக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, ‘நீட்’டிலும் தேறியவர்களுக்கு இந்த இடங்கள். அக்டோபர் 30-ந் தேதி கவர்னர் ஒப்புதல் கொடுத்தார்.

நவம்பர் 18-ந் தேதி சென்னை நேரு உள் விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. புதிய ஒதுக்கீட்டின் பட்டியலில் முதல் பெயர் ஜீவித்குமார்! சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். அந்த ஆண்டு இந்த ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டுக்குமாகச் சுமார் 400 இடங்கள் கிடைத்தன.

ஆனாலும் ஒரு சிக்கல் எழுந்தது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சுமார் 13,600 ரூபாய். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கோ லட்சக்கணக்கில் கட்டணம்! கையில் வந்த இடத்தைக் கண்ணீருடன் விட்டுப் போக வேண்டிய நிலை சிலருக்கு. நாலே நாளில், நவம்பர் 21-ந் தேதி, அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. ‘நீட்’ தேர்வே வேண்டாம் என்று அதே ஆண்டு செப்டம்பரில் சட்டசபை இன்னொரு மசோதாவையும் நிறைவேற்றியது. அந்த வாதம் தனி. ஏழைப் பிள்ளைக்கு ஏணி வைத்தால் ஏறும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வராமல் போனவர்கள்

வெற்றியைக் கொண்டாடும்போது இன்னொன்றையும் மறக்கக்கூடாது.

2021 ஜனவரி 19-ந் தேதி 10-ம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பள்ளிகள் திறந்தன. இரண்டாவது அலை வந்து மறுபடியும் மூடின. செப்டம்பர் 1-ந் தேதி 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு மீண்டும் திறந்தன. கீழ் வகுப்புகளுக்கு நவம்பர் 1-ந் தேதிதான் மணி அடித்தது.

மணி அடித்தபோது எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடவில்லை. வேலைக்குப் போன பையன்கள் உண்டு. கையில் நாலு காசு புரண்டபின் மறுபடியும் பெஞ்சில் உட்காரக் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண் பிள்ளைகளும் உண்டு.

ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். நின்றுபோன பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். பெற்றோரிடம் பேசி அழைத்து வந்தார்கள். ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக, 2021 அக்டோபர் 27-ந் தேதி ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. படித்த பெண்கள் பலர் அதில் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலும், கோயில் மண்டபத்திலும், மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார்கள். ஊரே பள்ளிக்கூடம் ஆயிற்று!

பெற்றோர் கவனத்துக்கு

சில்வார்பட்டி நமக்குச் சொல்லும் பாடம் என்ன?

முதல் முறை மார்க் குறைந்துவிட்டதா? பிள்ளையைத் திட்டாதீர்கள். 193-க்குப் பின்னால் ஒரு 664 இருக்கலாம்.

பணம் இல்லையா? பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். அரசு தரும் ஒதுக்கீடு என்ன, உதவித் தொகை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் இழந்தவர்கள் அநேகம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறதா? உங்களால் முடிந்த உதவி செய்யுங்கள். ஒரு பழைய புத்தகம் போதும். ஒரு மணி நேரம் விளக்கு வெளிச்சம் போதும். “நல்லாப் படி” என்ற ஒரு வார்த்தையும் போதும்.

தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கொரோனா நாட்களில் மாவட்டம் முழுவதும் நம்பியிருந்தது அந்த ஆஸ்பத்திரியைத்தான். இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில், ஏலத்தோட்டக் கூலிக்காரியின் இருமலும் ஆட்டுக்காரரின் முதுகு வலியும் எதனால் வந்தன என்று கேட்காமலே புரிந்துகொள்ளும் டாக்டர்கள் வேண்டும். அவர்கள் வேறு எங்கிருந்தும் வரப்போவதில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

விடியற்காலையில் ஜீப்புகள் மறுபடியும் மலையேறுகின்றன. பள்ளிக்கூட மணியும் அடிக்கிறது. அம்மா மலைக்குப் போகட்டும். பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்!