ஒரு ரப்பர் பெல்ட்டும் பதினான்கு கார் நிறுவனங்களும்

புது தில்லி: கரோல் பாக் சந்துகளில் கார் பழுது பார்ப்பவர்கள் பேசும் ஹிந்தியில் ஒரு சொல் நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் அப்படியே புரியும். "மிஸ்ஸிங்" என்பதே அது. சிக்னலில் நிற்கும் கார் குலுங்கும். மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும். புகைக்குழாயின் சத்தம் சீராக இல்லாமல் விட்டுவிட்டு ஒலிக்கும். என்ஜினின் சிலிண்டர்களில் ஏதோ ஒன்றில் எரிபொருள் எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை என்பதற்கு இவை அடையாளங்கள்.

நோய் சிறியதுதான். ஆனால், இத்தகைய பழுதை நீக்கும் வாய்ப்பு யாருக்கெல்லாம் உண்டு என்ற வழக்கு, 2014-ல் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544.65 கோடி அபராதம் விதிக்கும் வரை சென்றது. அந்த வழக்கின் பொருள் விளங்க, பழுதின் இயல்பை முதலில் பார்த்துவிடுவது நல்லது. பழுது பார்க்கும் உரிமை குறித்து தலைநகரில் நடக்கும் விவாதங்களில் சட்டம் பேசப்படும் அளவுக்கு ஸ்பேனர் பேசப்படுவதில்லை.

பெட்ரோல் காரில் மிஸ்ஸிங் ஏற்பட்டால் தீப்பொறி, எரிபொருள், காற்றழுத்தம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது என்று பொருள். அனுபவமுள்ள மெக்கானிக் செலவு குறைந்த காரணத்திலிருந்துதான் தேடத் தொடங்குவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். கரி படிந்திருக்கிறதா, எண்ணெயில் நனைந்திருக்கிறதா, இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கிறதா என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். சிஎன்ஜி வண்டிகள் மிகுந்த தில்லியில் பிளக் தேய்மானம் ஓர் அன்றாடப் பிரச்னை. அந்த வாயுவைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதே காரணம். அடுத்து, சந்தேகத்துக்குரிய சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி, பக்கத்துச் சிலிண்டரில் பொருத்துவார். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் பழுது. மாறவில்லை என்றால் இன்ஜெக்டர், காற்றுக் கசிவு என்று தேடல் தொடரும். கடைசியில், அழுத்தமானியைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளப்பார்.

புதிய கார்களில் இந்த வேலையின் ஒரு பகுதியைக் கணினியே செய்கிறது. ஸ்கேனரைப் பொருத்தியதும் பி0301 என்ற குறியீடு வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில் மாறி மாறி. அப்போது டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் வண்டியை மேலும் ஓட்டுவது நல்லதல்ல. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும். ஆனால், எந்தச் சிலிண்டர் என்றுதான் குறியீடு சொல்லும். ஏன் என்று சொல்லாது. குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் நான்கு காயில்களையும் மாற்றச் சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன.

எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒருசேரக் குறைந்திருந்தால் மெக்கானிக்கின் சந்தேகம் டைமிங் பெல்ட் மீது திரும்பும். நாடாளுமன்ற வளாகத்தில் வெள்ளை அம்பாசடர்கள் அணிவகுத்து நின்ற காலத்தில் இந்தக் கவலை இல்லை. அதன் பழைய பெட்ரோல் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைத்தது இரும்புச் சங்கிலி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-தான் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டு வந்தது. எடை குறைவு, சத்தம் குறைவு, விலையும் குறைவு. பிற்காலத்தில் பல நிறுவனங்கள் மீண்டும் சங்கிலிக்கே திரும்பின. எனினும், பெல்ட் பூட்டிய கார்கள் சாலைகளில் இன்னும் ஏராளம்.

அந்த பெல்ட் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் அதில் பாதி, அதாவது விநாடிக்கு 25 முறை சுழன்று வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாமல் மாறி மாறி வந்துபோவது பெல்ட்டின் பற்களால்தான். டீசல் என்ஜின்களிலும் பல பெட்ரோல் என்ஜின்களிலும் ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை வளைத்துவிடும். பெல்ட்டுக்கு ஆகும் செலவையும் சிலிண்டர் ஹெட்டைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவையும் ஒப்பிடவே முடியாது. அறுவதற்கு முன் அது எச்சரிப்பதும் அரிது. ஆகவேதான் கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு மாடலுக்கு மாடல் வேறுபடும்.

மாற்றும் வேலையிலும் நுணுக்கம் உண்டு. முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க், கேம் இரண்டின் பற்சக்கரங்களிலும் உள்ள குறிகளை நேராக்கிய பிறகே பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். டென்ஷனரையும், அந்த பெல்ட்டிலேயே ஓடுமானால் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம். ஆயில் சீல் கசிந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். எண்ணெய் பட்ட ரப்பர் நிலைக்காது. புதிய பெல்ட்டைப் பூட்டியதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி, குறிகள் மீண்டும் நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் கார் கிளம்பும்; ஆனால் மிஸ்ஸிங் தொடங்கிவிடும். பெல்ட் மாற்றிய மறுநாளே புதிய பிளக், புதிய காயில் என்று செலவழித்து, கடைசியில் பெல்ட்டுக்கே திரும்பி வருவோர் உண்டு.

குறிகள் எங்கே இருக்கின்றன, டென்ஷனரை எவ்வளவு இறுக்க வேண்டும், கேம் ஷாஃப்டைப் பூட்டி நிறுத்தத் தனிக் கருவி தேவையா என்பதெல்லாம் நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்தக் கையேடு கரோல் பாக் மெக்கானிக்குக்குக் கிடைக்குமா என்பதே வழக்கின் மையம்.

ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஒருவர் 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் அளித்தார். அசல் உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது புகார். விசாரணை விரிந்து, மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா எனப் பல நிறுவனங்கள் உள்ளே வந்தன. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் தீர்ப்பளித்தது. பதினான்கு நிறுவனங்களுக்கு இந்திய விற்றுமுதல் சராசரியில் 2 சதவீதம் அபராதம். உதிரி பாகங்களையும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும். வெளிப் பட்டறைக்குப் போன ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் மறுக்கக் கூடாது. சென்னை அருகே கார் தயாரிக்கும் ஹூண்டாய்க்கு 2015-ல் தனி உத்தரவில் ரூ. 420.26 கோடி அபராதம் விதிக்கப்பட்டது.

நிறுவனங்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பயிற்சியற்றவர் கைவைத்தால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, போலி உதிரி பாகங்களை யார் தடுப்பது என்று அவர்கள் கேட்டனர். காஷ்மீரி கேட் சந்தையில் பாகம் வாங்கிப் பழகியவர்களுக்கு இரண்டாவது கேள்வியின் நியாயம் தெரியும். ஆனால், அசல் பாகம் கடையில் கிடைக்காதபோதுதான் போலிக்கு மவுசு கூடுகிறது என்பதும் உண்மை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், தன் முன் வந்த நிறுவனங்கள் விஷயத்தில் குற்றத்தை உறுதி செய்து, அபராதத்தைக் கணக்கிட்ட முறையை மாற்றியது.

மத்திய அரசு 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கார்களுக்கென்றே இதைப் பற்றி 2012-ல் சட்டம் இயற்றியது. இங்கே அப்படி ஒரு தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

இடையில் தலைநகர், காரின் நிலையைவிட அதன் வயதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டது. பத்து ஆண்டு கடந்த டீசல், பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025 ஜூலை முதல் தேதி அவற்றுக்கு எரிபொருள் மறுக்கப்பட்டு, எதிர்ப்பால் ஒரு சில நாள்களிலேயே அது நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த இடைக்காலப் பாதுகாப்பு, டிசம்பரில் பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளோடு சுருக்கப்பட்டது. மிஸ்ஸிங் அடிக்கும் ஐந்து வயதுக் கார் எரியாத பெட்ரோலைக் காற்றில் கலப்பதையும், ஒழுங்காகப் பராமரித்த பதினாறு வயதுக் கார் சீராக ஓடுவதையும் இந்தக் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை.

தில்லியில் வயது கடந்த கார்கள் தடையின்மைச் சான்றுடன் பிற மாநிலங்களுக்கு விலை குறைவாகப் போகின்றன. வாங்குபவர் பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயரையும் உற்பத்தி ஆண்டையும் பார்க்கிறார். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பது அதில் இருக்காது. சர்வீஸ் ரசீதைக் கேட்பதும், அது இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே பெல்ட்டை மாற்றிவிடுவதும் அவர் பொறுப்பு.