முதுகெலும்பின் கோணல்கள்

முதுகெலும்புக் கோணல் மூவகைப்படும். மேல்முதுகு மிகையாகப் பின்புறம் புடைப்பது கூன். இடுப்புப் பகுதி மிகையாக முன்னோக்கி வளைவது முன்வளைவு. பக்கவாட்டில் வளைவது பக்கவளைவு.

கூனுக்கு முதுகெலும்பைப் பற்றும் காசநோயும் ஒரு காரணமாகும். தொடக்கத்திலேயே மருந்துண்டால் பெரும்பாலும் கூன் விழாமல் தடுக்கலாம்.

பக்கவளைவு பிறவிக் குறையாலோ தசை நலிவாலோ தோன்றலாம். தண்டுவடத் தசைச் சிதைவு நோயுற்ற குழந்தைகளின் முதுகை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை 2023இல் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. ஆயினும் வளரிளம் பருவத்தில், மிகுதியும் சிறுமியரிடம், காணும் வளைவுக்குக் காரணம் புலப்படுவதில்லை. புத்தகச் சுமையோ உட்காரும் முறையோ அதனை உண்டாக்குவதில்லை. ஆகவே சிறுமியைக் கடிந்து பயனில்லை.

ஆசிரியர் செய்யத்தக்க சோதனை எளிது. மாணவியை முன்குனியச் செய்து பின்னின்று நோக்குக. முதுகின் ஒரு பக்கம் மேடிட்டிருப்பின் மருத்துவரிடம் அனுப்புக. வளர்ச்சி முடியுமுன் கண்டறிந்தால், பலருக்குக் கவசப்பட்டை அணிவதாலேயே வளைவு மிகாமல் தடுக்கலாம்.