பாடி பெரிசா, லென்ஸ் பெரிசா?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை



நம் சங்க விழாவில் யாராவது கழுத்தில் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை மாட்டிக்கொண்டு வந்தால் போதும், "மச்சி, என்ன மாடல்? எவ்வளவு ஆச்சு?" என்று சுற்றி நின்றுவிடுவோம். அப்படிக் கேட்டவர்களில் நாலைந்து பேராவது இந்த வருஷம் கேமரா வாங்கத்தான் போகிறார்கள். ஆரம்ப நிலைக் கேமராவா, நடுத்தரக் கேமராவா என்று அவர்கள் குழம்புவதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் கேட்கட்டும்.

அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு நடுத்தர பாடி வாங்கினேன். லென்ஸுக்குக் காசு மிஞ்சவில்லை. கூட வந்த 18-55 கிட் லென்ஸ்தான் கதி. அடுத்த மாதம் அக்கா கல்யாணம். "தம்பிதான் கேமரா வச்சிருக்கானே" என்று போட்டோகிராபரே வைக்கவில்லை. விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் மங்கலான விளக்கு. கேமராவில் இருக்கும் ஃபிளாஷை அடித்தால் முகமெல்லாம் வெளுத்துப் போகிறதே என்று அதை அணைத்துவிட்டேன். தாலி கட்டும்போது எடுத்த 14 படங்களில் 12 ஆடிப்போயின. மாமா கை எது, தாலி எது என்றே தெரியவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

விலை எதற்கு?

விலை கூடினால் படமும் கூடுதலாக நன்றாக வரும் என்று நினைக்கிறோம். 2003ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். கேனன் கம்பெனி அந்த வருஷ ஆரம்பத்தில் 10டி என்ற நடுத்தரக் கேமராவை வெளியிட்டது. சில மாதம் கழித்து 300டி என்ற மலிவான கேமரா வந்தது. இரண்டிலும் 6.3 மெகாபிக்சல் சென்சார்தான். 10டிக்கு மெக்னீசியம் உடம்பு, 300டிக்கு பிளாஸ்டிக். சில வசதிகளை மலிவு மாடலில் மென்பொருளிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள் சிலர் அந்தப் பூட்டையும் திறந்துவிட்டார்கள்!

பிறகு வந்த மாடல்களிலும் அதே கதைதான். நிக்கான் டி3500 (2018) ஆரம்ப நிலை, டி7200 (2015) நடுத்தரம். இரண்டும் 24.2 மெகாபிக்சல். வித்தியாசம் இவற்றில்தான்:

1. ஃபோகஸ் புள்ளிகள்: டி3500இல் 11, டி7200இல் 51. ஓடுகிற ஆளைப் பின்தொடர இது முக்கியம்.

2. வியூஃபைண்டர்: ஆரம்ப நிலையில் கண்ணாடித் துண்டுகளால் ஆன பெட்டி. நடுத்தரத்தில் முழுக் கண்ணாடிப் பட்டகம். வெளிச்சமாகத் தெரியும், ஓரமும் விடுபடாது.

3. டயல்: ஒன்றில் ஒரே சக்கரம். மற்றதில் இரண்டு, ஷட்டருக்கு ஒன்று, அபெர்ச்சருக்கு ஒன்று. அவசரத்தில் இதன் அருமை தெரியும்.

4. கார்டு: டி7200இல் இரண்டு போடலாம். ஒன்று கெட்டாலும் கல்யாணம் தொலையாது.

5. மோட்டார்: ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்கள் டி3500இல் தானாக ஃபோகஸ் ஆகாது, டி7200இல் ஆகும். கேனனில் இந்தத் தொல்லை இல்லை. மோட்டார் லென்ஸிலேயே இருக்கிறது.

ஆக, கூடுதல் காசு வேகத்துக்கும் கைவசதிக்கும்தான். வெளிச்சத்துக்கு அல்ல.

வெளிச்சக் கணக்கு

கிட் லென்ஸை 55க்கு ஜூம் செய்தால் அபெர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம்! கிட் லென்ஸில் 1/20 விநாடி கேட்கிற இடத்தில் இதில் 1/160க்கு மேலேயே போகலாம். 1/20இல் அசைகிற கை கலங்கும். 1/160இல் பெரும்பாலும் நிற்கும். அன்றைக்கு ஒரு மலிவு பாடியும் இந்த லென்ஸும் என்னிடம் இருந்திருந்தால் அக்காவின் தாலி படத்தில் இருந்திருக்கும்.

அப்போ எதை வாங்குவது?

வீடு, ஊர், கல்லூரி விழா என்றால் ஆரம்ப நிலை பாடியும் ஒரு எஃப் 1.8 லென்ஸும் போதும். விளையாட்டு, பறவை, காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் என்றால் நடுத்தரம் வேண்டும். ஆனால் நல்ல லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் மட்டும். இல்லையேல் பொறுங்கள்.

கேனனும் நிக்கானும் புது மாடல்களை இப்போது மிரர்லெஸ்ஸில்தான் கொண்டுவருகின்றன. அதனால் நம் கைக்கு எட்டுகிற டி.எஸ்.எல்.ஆர். பெரும்பாலும் பழசுதான். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசு. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி7200இன் ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்ததாகக் கம்பெனியே சொல்கிறது.

நண்பர்களே, பாடி மாறிக்கொண்டே இருக்கும். நல்ல லென்ஸ் கூடவே வரும். அடுத்த மாதம் அக்கா குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். 50 மி.மீ. வாங்கிவிட்டேன். இந்தத் தடவை படம் ஆடாது!