ஒரு ஜாடி ஊறுகாயும் ஒரு வண்டிக் கடனும்!

மூணு டாலருக்கு மூணு காசு குறைச்சல். அந்த விலைக்கு ஒரு கேலன் ஊறுகாய்! கேலன் என்றால் ஏறக்குறைய 3.8 லிட்டர். ஆவக்காய் என்று நினைத்து நாக்கில் நீர் ஊற வேண்டாம். வினிகரில் மிதக்கும் முழு வெள்ளரிக்காய். உப்பு உண்டு, புளிப்பு உண்டு, காரம் மருந்துக்கும் கிடையாது.

1990-களின் கடைசியில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் இந்த ஜாடிகளை மலையாக அடுக்கி விற்றார்கள். விளாசிக் என்ற பெரிய ஊறுகாய்க் கம்பெனியின் சரக்கு. சார்லஸ் ஃபிஷ்மன் என்ற பத்திரிகையாளர் 2003-ல் இந்தக் கதையைத் துருவி எழுதினார். வாரத்துக்கு 2,40,000 ஜாடி போனதாம். ஜாடிக்கு லாபம் ஒன்றிரண்டு காசு. வாங்கிப் போனவர்கள் கால் ஜாடி சாப்பிட்டார்கள். மீதி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. மூணு டாலர்தானே, போனால் போகிறது!

அதே கம்பெனி சின்ன பாட்டிலில் நறுக்கிப் போட்டு நல்ல லாபத்துக்கு விற்ற ஊறுகாயைச் சீந்த ஆளில்லை. "கொஞ்சம் விலையை ஏற்றிக் கொள்கிறோமே" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். கடைக்காரர் லேசில் மசியவில்லை. 2001 ஜனவரியில் விளாசிக் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. (ஜாடிதான் கவிழ்த்தது என்று சொன்னால் பாவம். கம்பெனி தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட கடன் இருந்தது.)

"அமெரிக்காக்காரன் வரவுக்கு மேல் செலவு பண்றான் சார், அதான் கடனில் முழுகறான்" என்று நம்ம ஊர்த் திண்ணையில் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லி விடுவோம். எனக்கு அந்தத் தீர்ப்பு முழுசாக ஒப்புதல் இல்லை. பொருள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற ஊரில் கையில் காசு மிஞ்ச வேண்டுமே, கடன் எங்கிருந்து வந்தது?

வால்மார்ட்டை ஆரம்பித்த சாம் வால்டன் கடன்காரர் அல்ல, கஞ்சர்! 1962 ஜூலையில் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் ரோஜர்ஸ் என்ற சின்ன ஊரில் முதல் கடை. கோடி கோடியாகக் குவிந்த பிறகும் ஒரு பழைய ஃபோர்டு பிக்கப் வண்டியில்தான் போய் வந்தார். வெளியூர் போனால் ஓட்டலில் ஒரு ரூமுக்கு இரண்டு பேர். அப்படி மிச்சம் பிடித்த ஒவ்வொரு காசையும் விலையில் குறைத்தார். 1985-ல் "அமெரிக்கச் சரக்கையே வாங்குவோம்" என்று கோஷம் கூட எழுப்பினார். 1992 ஏப்ரலில் காலமானார். அதே வருடம் டிசம்பரில் ஒரு டி.வி. சேனல் போட்டு உடைத்தது: "அமெரிக்கத் தயாரிப்பு" என்று போர்டு தொங்கிய அலமாரிகளில் இருந்தவை வங்காள தேசத்தில் தைத்த சட்டைகள்!

அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டு வந்தும் எப்படிக் கட்டுப்படியானது? எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியின் புண்ணியம். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு ஆறு டாலருக்குப் பக்கம் ஆன கூலி, பெட்டியில் 16 காசுக்கு இறங்கியது. கடல் குறுகிவிட்டது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் மடை திறந்தது. 2004-ல் வால்மார்ட் மட்டும் சீனாவிலிருந்து வாங்கிய சரக்கு சுமார் 1,800 கோடி டாலர்.

என் அக்கா மகன் இருப்பது ஒஹையோ மாநிலம். அங்கே ஊஸ்டர் என்றொரு ஊர். ரப்பர்மெய்ட் என்ற பிளாஸ்டிக் சாமான் கம்பெனியின் தலைநகரமாக இருந்தது அது. 1994-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை, நாட்டிலேயே அதிகம் போற்றப்படும் கம்பெனி என்று அதற்கு மகுடம் சூட்டியது. அடுத்தாற்போல் பிளாஸ்டிக் மூலப்பொருள் விலை எகிறியது. "விலையைக் கூட்டித் தாருங்கள்" என்றது கம்பெனி. "மாட்டோம்" என்றது வால்மார்ட். ரப்பர்மெய்ட் இருந்த அலமாரி போட்டிக் கம்பெனிக்குப் போனது. 1999-ல் ரப்பர்மெய்ட் கைமாறியது. 2003 கடைசியில் ஊஸ்டர் தொழிற்சாலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. வேலை போனவன் குறைந்த சம்பளத்துக்கு வேறு இடம் தேடிப் போகிறான். அந்தச் சம்பளத்தில் சாமான் வாங்க எங்கே போவான்? மலிவுக் கடைக்குத்தான்!

இந்த நாடகத்தில் நமக்கும் ஒரு வேஷம் உண்டு. அங்கே அலமாரியில் தொங்கும் டி-ஷர்ட்டின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் நம்ம திருப்பூர்! வெளிநாட்டு பையர் ஒரு விலையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். பனியன் கம்பெனிக்காரர் நூல் விலை, சாயம், டெய்லர் கூலி எல்லாவற்றையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். அடங்காதது எங்கே போகும்? நொய்யல் ஆற்றுக்குப் போனது. சாயக் கழிவு பொறுக்காமல் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்கு எவ்வளவு என்று எழுத அந்த டி-ஷர்ட் பில்லில் இடமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அப்படித்தான். "வரியில் ஒரு பங்கை நீங்களே சுமந்து கொள்ளுங்கள்" என்று முதலில் கேட்டது திருப்பூரைத்தான்.

சரி, கடனுக்கு வருவோம். நம்ம தெரு மளிகைக் கடை அண்ணாச்சியை நினைத்துக் கொள்ளுங்கள். முன் வாசலில் சாமான் விற்கிறார். சாயங்காலம் கல்லாவை எண்ணி, பின் வாசல் வழியாக அதே பணத்தை உங்களுக்கே குறைந்த வட்டிக்குக் கொடுக்கிறார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நீங்கள் முன் வாசலுக்குப் போகிறீர்கள். சீனா செய்தது இதுதான். சரக்கு விற்றுக் கிடைத்த டாலரைக் கொண்டு அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களையே வாங்கிக் குவித்தது. 2008 செப்டம்பரில் ஜப்பானை முந்தி, அந்தப் பத்திரங்கள் அதிகம் வைத்திருக்கும் வெளிநாடு ஆனது. பணம் இப்படித் திரும்பி வந்து கொட்டியதில் அங்கே வட்டி தணிந்தது. வீட்டின் மேல் கடன் வாங்கி, வீட்டு விலை ஏறியதும் அதன் மேல் இன்னொரு கடன் வாங்கினார்கள். 2008-ல் எல்லாம் சரிந்தபோது லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டையே இழந்தன.

கிரெடிட் கார்டு விஷயம் தனி. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் தலைமையகம் உள்ள மாநிலத்து வட்டியையே ஒரு தேசிய வங்கி நாடு முழுக்க வாங்கலாம் என்றது. அதன் பிறகு சிட்டி பேங்க், வட்டிக்கு உச்சவரம்பை நீக்கிய தெற்கு டகோட்டாவுக்குக் கார்டு வியாபாரத்தை மூட்டை கட்டிக் கொண்டு போனது! 2023-ல் அமெரிக்கர்களின் கார்டு பாக்கி ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

ஊதாரித்தனம் இல்லவே இல்லையா? உண்டு. வீட்டில் அடங்காத சாமானைப் போட்டு வைக்க மாத வாடகைக்கு விடும் கிடங்குகள் அந்த நாட்டில் ஐம்பதாயிரம் அளவுக்கு இருக்கின்றன. ஆனால் என் அக்கா மகன் சொல்வது வேறு. "சட்டை, டி.வி. எல்லாம் இங்க சீப்தான் மாமா. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பில் வரட்டும், பையனைக் காலேஜில் சேர்க்கட்டும்... அப்பத் தெரியும்!" எலிசபெத் வாரன், செனட்டர் ஆவதற்கு முன் சட்டப் பேராசிரியராக இருந்தபோது, மகளோடு சேர்ந்து 2003-ல் எழுதிய புத்தகத்தில் இதையே கணக்குப் போட்டுக் காட்டினார். முந்தின தலைமுறையை விடத் துணிக்கும் சாப்பாட்டுக்கும் குடும்பங்கள் குறைவாகவே செலவழித்தன. வீட்டுக் கடனும் மருத்துவ இன்ஷூரன்ஸும்தான் இரண்டு பேர் சம்பளத்தையும் விழுங்கின. பனியனில் பத்து டாலர் மிச்சம் பிடித்தவன் பிரசவ வார்டில் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறான்.

வால்மார்ட்டில் 'லேஅவே' என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. நம்ம பாத்திரச் சீட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பிடித்த பொருளைக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி, முழுசாக முடித்த பிறகு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வட்டி கிடையாது. 2006-ல் அதை நிறுத்தினார்கள். ஊரே கவிழ்ந்த பிறகு, 2011-ல் பண்டிகைக் காலத்துக்கு மட்டும் மறுபடி கொண்டு வந்தார்கள். 2021-ல் திரும்ப எடுத்துவிட்டு, "இப்போதே வாங்கு, அப்புறம் கட்டு" திட்டத்தை அங்கே வைத்தார்கள். இதில் பொம்மை முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடும். அப்போது சொன்ன வட்டி 10 முதல் 30 சதவீதம். 2025-ல் கடன் கொடுக்கும் கம்பெனியை மாற்றினார்கள். லேஅவே திரும்பவில்லை.