பட்டறைக்கு எது நல்ல தண்ணீர்?

புதுச்சேரி பாரதி பூங்காவில் நிற்கும் வெள்ளை நிற ஆயி மண்டபத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது அது. அந்த நீர் வந்த முத்திரையர்பாளையம் எங்கள் கதிர்காமத்திலிருந்து அதிக தூரமில்லை. ஆனால், குடிக்க நல்ல தண்ணீர் இயந்திரத்துக்கும் நல்ல தண்ணீராக இருக்குமா?

கதவுகளில் மயிலும் கொடியும் செதுக்கும் கணிப்பொறி இயந்திரங்கள் இன்று பல மரப்பட்டறைகளில் உள்ளன. வெட்டும் முனையைப் பிடித்துச் சுழற்றும் மோட்டாருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். நிமிடத்துக்கு 24,000 சுற்றுகள் கூடச் சுழலும். மோட்டாரைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் அதற்குள் ஒரு சிறு பம்பும்தான்!

ஒரு கணக்குப் போடுவோம். 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 440 வாட், வெப்பமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் நீர் ஓடினால் போகும் நீரைவிட வரும் நீர் சுமார் 3 டிகிரி செல்சியஸ்தான் கூடுதலாகச் சுடும். நீரின் தன்வெப்பம் அவ்வளவு அதிகம். கிராமுக்கு 4.18 ஜூல். ஆனால் வெப்பம் மறைந்துவிடவில்லை, வாளிக்குத்தான் போயிருக்கிறது. வெளியே எதுவும் கசியாவிட்டால், 20 லிட்டர் வாளி ஒரு மணி நேரத்தில் 19 டிகிரி ஏறும். 200 லிட்டர் பீப்பாய் என்றால் 2 டிகிரிதான். ஆகவே முதல் வைத்தியம் பெரிய பீப்பாய், அல்லது மின்விசிறியுடன் கூடிய ரேடியேட்டர்.

"ஐஸ் போட்டால் போகிறது" என்பார்கள். அங்கேதான் ஆபத்து. காற்று 32 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்திலும் இருந்தால் பனிநிலை 27 டிகிரி. நம் கடற்கரை ஊருக்கு இது சாதாரண நாள். அதைவிடக் குளிர்ந்த நீர் உள்ளே ஓடினால், குளிர்ந்த செம்பின்மேல் துளிர்ப்பதைப் போல மோட்டாருக்குள்ளேயே ஈரம் படியும். பேரிங் துருப்பிடிக்கும், கம்பிச்சுருளின் மின்காப்பும் கெடும். நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாமலிருப்பதே நல்லது.

இனி நீரின் குணம். நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். நம் உடலுக்கு அவை வேண்டியவை. வாளியிலோ நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை மறுபடி குழாய்நீரால் நிரப்ப நிரப்ப, உப்பு சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போல உறைக்குள் வெள்ளைப் படிவு ஏறும். அதன் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தினுடையதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. பம்பு ஓடும், வாளி குளிர்ந்திருக்கும், ஸ்பிண்டில் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

அலுமினிய உறையில் பித்தளை இணைப்பு மாட்டியிருந்தால் இன்னொரு தொல்லை. இரண்டு உலோகம், நடுவே உப்புநீர்: நீங்கள் ஆய்வகத்தில் செய்த மின்கலமேதான்! அலுமினியம் கரையத் தொடங்கும்.

அப்படியானால் வாலைவடிநீர் போதுமா? படிவைத் தடுக்க அது போதும். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கரியமில வாயுவும் அதிலும் கரைவதால் அரிப்பைத் தடுக்க ஒரு மருந்து சேர்க்கத்தான் வேண்டும். கார்களுக்கு விற்கும் குளிர்விப்பானில் அது உண்டு. கூடவே எத்திலீன் கிளைக்காலும் உண்டு. கிளைக்காலின் முக்கிய வேலை நீர் உறையாமல் காப்பது. உறைபனி விழும் உதகைப் பட்டறைக்கு அது அவசியம். புதுச்சேரியில் எதற்கு? அது கலந்த நீர் குறைவான வெப்பத்தையே சுமக்கும், ஓட்டமும் மந்தமாகும். மேலும் அது இனிப்பான நஞ்சு. நாயோ குழந்தையோ நக்கிவிட்டால் சிறுநீரகம் பாழாகும். ஆகவே நம் ஊருக்கு என் தேர்வு, வாலைவடிநீரும் அலுமினியத்துக்கு ஏற்ற அரிப்புத் தடுப்பானும். அளவு புட்டியில் எழுதியுள்ளபடி, கண்ணளவு உதவாது.

பிளீச்சிங் பவுடரைப் பாசிக்காகக் கொட்டுபவர்களும் உண்டு. குளோரின் உலோகத்தை அரிக்கும். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் புகாத குழாயும் மூடிய பீப்பாயும் இருந்தாலே பெரும்பாலும் போதும். மூடி இருந்தால் டெங்குக் கொசுவும் முட்டையிடாது.

பராமரிப்புக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திரும்பி வரும் குழாயை ஒரு லிட்டர் குவளையில் பிடித்து, நிரம்பும் நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். 30 விநாடி 45 ஆகிவிட்டால் எங்கோ அடைப்பு. நீர் கலங்கினாலோ வழவழத்தாலோ முழுவதையும் மாற்றிவிட வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் துண்டில் குழாய்நீர் ஒரு சொட்டு, மருந்துக்கடை வாலைவடிநீர் ஒரு சொட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் ஒரு சொட்டு விட்டு, நிழலில் உலரவிடுங்கள். எந்தச் சொட்டு எவ்வளவு வெள்ளை வளையம் விடுகிறது என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.