வயலுக்குத் துணை போகும் டார்ச் லைட்... தலைமாட்டில் சார்ஜ் போடலாமா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு என எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும், இருட்டில் கிடக்கும் வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன வெளிச்சங்கள் நகர்வதைப் பார்க்கலாம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, மடை உடைத்துக்கொண்டதா, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கப் போகிறவர்களின் டார்ச் வெளிச்சம் அது. அறுவடைக் காலத்தில் இதே வெளிச்சம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இடம் மாறும். நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு, எடை போடும் முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்கிறவர்கள் கையில் அது இருக்கும்.

டெல்டாவில் டார்ச் லைட் ஓர் உயிர்காக்கும் சாமான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நம் நாட்டில் அதிகம் பேரைப் பலிகொள்ளும் நான்கு பாம்புகளில் கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. இருட்டில் நடக்கும்போது கையில் வெளிச்சம் இருக்க வேண்டும், காலில் செருப்போ பூட்ஸோ இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பாம்புக்கடி வழிகாட்டியும் சொல்லும் அறிவுரை.

அந்த டார்ச் லைட் இப்போது யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏறுகிறது. செல்போன் சார்ஜரையே இதற்கும் பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. ஆனால், அந்த வசதிக்குள் சில ஆபத்துகளும் ஒளிந்திருக்கின்றன. பயந்து டார்ச்சைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எங்கே கோளாறு வரும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

கட்டை பேட்டரியிலிருந்து யுஎஸ்பி வரை

ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இரண்டு கட்டை, மூன்று கட்டை பேட்டரி லைட்தான். ஒவ்வொரு கட்டையும் 1.5 வோல்ட். தீர்ந்தால் புதிது போட வேண்டும். மறந்துபோய் உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சே வீணாகும். தீப்பிடித்துவிடுமோ என்ற கவலை மட்டும் பெரிதாக இருந்ததில்லை.

அடுத்து, பின்பக்கம் இரண்டு முள் பிளக் வைத்த டார்ச்கள் வந்தன. அப்படியே சுவர் பிளக்கில் செருகிவிடலாம். இவற்றில் மலிவான பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் மின்சாரம் ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேரே உள்ளே போகும். மூடி உடைந்த டார்ச்சைப் பிளக்கில் செருகியபடியே தொட்டால் ஷாக் அடிக்கும். அதை வைத்துப் பார்த்தால் யுஎஸ்பி ஒரு முன்னேற்றம்தான். 230 வோல்ட் அடாப்டரோடு நின்றுவிடுகிறது. டார்ச்சுக்குள் வருவது 5 வோல்ட் மட்டுமே.

இப்போது உள்ளே இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகை பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சின்ன உருவத்தில் நிறைய மின்சாரத்தைச் சேமிக்கும். அதனால்தான் கோளாறு வந்தால் வேகமும் அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது?

டார்ச்களில் பெரும்பாலும் இருப்பது ‘18650’ என்ற உருளை செல். 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். இதன் வழக்கமான அழுத்தம் 3.7 வோல்ட். முழுதாக சார்ஜ் ஏறும்போது 4.2 வோல்ட். அதற்கு மேல் ஒரு சொட்டு ஏற்றுவதும் கூடாது.

யுஎஸ்பியில் வருவதோ 5 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, மின்சாரத்தை அளந்து கொடுத்து, 4.2 வோல்ட் வந்ததும் நிறுத்த ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். முன்பு இந்த வேலையைத் தனி சார்ஜர் செய்தது. செல்லைக் கழற்றி அதில் போடுவார்கள். இப்போது அந்த சர்க்யூட் டார்ச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. தரமான டார்ச்சில் அது ஒழுங்காக இருக்கும். மலிவான டார்ச்சில் பெயருக்கு இருக்கும். சிலவற்றில் காவல் சர்க்யூட் இல்லாமலேயே ஒயர் செல்லுக்குப் போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் செல் சூடாகும், உள்ளே வாயு சேரும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்க, யார் நினைத்தாலும் நிறுத்த முடியாத நிலை வரும். செல்போனில் இது நடந்தால் மேல்மூடி பிளந்து வாயு வெளியேறிவிடும். தண்ணீர் புகாத அலுமினிய டார்ச் இறுக்கமாக மூடிய குழாய். வாயு போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, முன்கண்ணாடியோ பின்மூடியோ வெடித்துப் பறக்கலாம்.

டெல்டாவுக்கே உரிய சிக்கல்கள்

சேறும் தண்ணீரும்: யுஎஸ்பி துளையை மூட ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். டார்ச்சில் முதலில் கிழிவது அதுதான். வரப்பில் வைத்த டார்ச் சேற்றில் விழும். உரம் பட்ட கை அதைத் தொடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. துளைக்குள் ஈரமும் உப்பும் இருக்கும்போது ஒயரைச் செருகினால், ஈரத்தின் வழியாகவே மின்சாரம் கசியும். உள்ளே பச்சை பூத்து அரிக்கும், தொடுமுனை சூடாகி பிளாஸ்டிக் உருகும்.

பெட்டிக்குள் நான்கு மாதம்: தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் பல வீடுகளில் டார்ச் பரணுக்குப் போய்விடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் மறுபடி தேடுவார்கள். மின்னணு சுவிட்ச் வைத்த டார்ச், அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்ப் பல நாள் கிடந்த செல்லில், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ‘ரொம்ப நாளாச்சு, ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும்’ என்று போடுவது இந்த நிலையில்தான் மிக ஆபத்து.

மாற்று செல்: வெளிச்சம் குறைந்ததும் கடையில் செல்லை மாற்றுவார்கள். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்லுக்குப் புதிய உறை போட்டு விற்பதும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு: 18650 அளவுள்ள நல்ல செல்லே சுமார் 3,500 மில்லி ஆம்பியர் ஹவர் வரைதான் தாங்கும், அரிதாகச் சில 4,000-ஐத் தொடும். மேலே 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். எண்ணில் பொய் சொல்கிறவர் பாதுகாப்பில் மட்டும் உண்மை சொல்வார் என்று நம்ப முடியாது. இரண்டு செல் போடும் டார்ச்சில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலப்பதும் கூடாது.

அடாப்டர்: மலிவான போலி அடாப்டரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு சரியாக இருக்காது. பெரும்பாலான அலுமினிய டார்ச்களில் வெளிக்குழாயே பேட்டரியின் நெகட்டிவ் பாதை. அந்தத் தடுப்பு போனால், டார்ச்சின் உடம்பிலேயே கரன்ட் வந்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சார்ஜில் இருக்கும் டார்ச்சைத் தொடுகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஃபாஸ்ட் சார்ஜர் போட்டால் டார்ச் வெடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். தரமான ஃபாஸ்ட் சார்ஜர், எதிரில் இருக்கும் கருவி கேட்டால்தான் அழுத்தத்தை உயர்த்தும். இல்லாவிட்டால் 5 வோல்ட்டோடு நிற்கும். இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கும் ஒயரில் சில டார்ச்கள் சார்ஜ் ஏறாது. டார்ச்சுக்குள் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்ததுதான் காரணம். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி இருக்கும் ஒயரைப் போட்டாலே ஏறும்.

தீ எங்கே பரவும்?

ஒரு டார்ச் செல் தீப்பிடித்தால் சிமென்ட் தரையில் ஒரு கரிய தழும்போடு முடிந்துவிடலாம். அதே தீ கீற்றுக் கொட்டகையில், வைக்கோல் போர் பக்கத்தில், மாட்டுக்கொட்டிலில், கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் என்றால் கதை வேறு. வீட்டுக்குள் என்றால் தலையணையும் பாயும்.

தீயைவிட முந்திக்கொள்வது புகை. 2022 மார்ச்சில் வேலூரில், மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் போட்டிருந்த வீட்டில் தீப்பிடித்து, தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஸ்கூட்டர் பேட்டரி டார்ச் செல்லைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் அந்தச் சோகம் சொல்லும் பாடம் சின்ன பேட்டரிக்கும் பொருந்தும். எல்லோரும் தூங்கும் நேரத்தில், வெளியே போகும் வழியில், சார்ஜ் போடக் கூடாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் செல்போனும் விளக்கும் வரிசையில் சார்ஜ் ஏறின. அப்படி ஒரே பலகையில் பத்து அடாப்டர் தொங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வது அவசியம்.

வாங்கும்போது

* பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டருக்கு ஐஎஸ் 13252. அந்தப் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் உண்மையா, போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

* செல்லைத் தனியாகக் கழற்ற முடிகிற டார்ச் நல்லது. கோளாறு வந்தால் செல்லை மட்டும் மாற்றலாம்.

* துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே மூடித் திறந்து பாருங்கள். துளையை மறைத்துத் திருகி மூடும் வகை, வயல் வேலைக்கு இன்னும் நல்லது.

சார்ஜ் போடும்போது

* வயலிலிருந்து வந்ததும் துடைத்து, துளைக்குள் ஈரம் இருந்தால் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். அடுப்பின் மேல் காயவைக்க வேண்டாம்.

* வெகுநேரம் எரிந்த டார்ச் சூடாக இருக்கும். ஆறிய பிறகே ஒயரைச் செருகுங்கள். பெரும்பாலான செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் நின்ற பைக் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

* சிமென்ட் தரை, கடப்பாக்கல், டைல்ஸ் மேல் வையுங்கள். மெத்தை, பாய், வைக்கோல், சாக்குப் பக்கம் வேண்டாம். சார்ஜில் இருக்கும்போது டார்ச்சைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

* 2,000 மில்லி ஆம்பியர் ஹவர் செல்லுக்கு 1 ஆம்பியரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் போதும். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆனாலும், விளக்கு பச்சைக்கு மாறாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

* பரணில் வைக்கும்முன் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றுங்கள். முடிந்தால் செல்லைக் கழற்றி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இது தெரிந்தால் நிறுத்துங்கள்

கை வைக்க முடியாத சூடு, இனிப்பும் காரமும் கலந்தது போன்ற வாடை, ‘உஸ்’ என்ற சத்தம், துளையில் கருப்பு அல்லது பச்சைப் படிவு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தலையில் மாட்டும் சின்ன லைட்டில் உள்ள தட்டையான பேட்டரி உப்பிப்போகும். உருளை செல் அப்படி உப்பாது என்பதால், உப்பவில்லை என்று தைரியம் கொள்ள வேண்டாம்.

புகை வந்தால் டார்ச்சைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் சுவிட்ச்சை அணையுங்கள். நெருங்க முடியாவிட்டால் மெயினை. வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். கரன்ட்டை நிறுத்தியது உறுதியான பிறகு, தள்ளி நின்று நிறைய தண்ணீர் ஊற்றலாம். ஒருமுறை அணைந்தாலும் செல் மறுபடி பற்றலாம் என்பதால் சிறிது நேரம் கண்காணிக்க வேண்டும். தீ பரவினால் 101 அல்லது 112. தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் தடவக் கூடாது.

கெட்டுப்போன செல்லைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடுவதும், போகித் தீயில் எறிவதும் தவறு. இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். பேட்டரிகளைத் தனியாகத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்துகின்றன.

இத்தனையும் நினைவில் வைப்பது சிரமம் என்றால், ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றினால்கூடப் போதும். படுக்கும்போது போடும் சார்ஜை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். சமையல் நடக்கும், பிள்ளைகள் படிக்கும், நாலு பேர் கண் அதன் மேல் இருக்கும். ஒன்பது மணிக்கு ஒயரைக் கழற்றி வைத்தால், தண்ணீர் பார்க்கக் கிளம்புகிறவர் கையில் முழு வெளிச்சத்தோடு போய்ச் சேரும்.