ஆளுயரத் தக்காளி அணுபுரத்தில் காய்க்குமா?

கைப்பேசியில் அந்த வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நெதர்லாந்தில் ஒரு கண்ணாடி வீடு. உள்ளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு மேல் ஏறி நிற்கும் தக்காளிச் செடிகள். ஒரு பழமே கால் கிலோ தேறும். 'பீஃப்ஸ்டேக்', 'பிராண்டிவைன்' என்று பெயர் போட்டு விதை பாக்கெட்டுகள் ஆன்லைனிலும் வந்துவிட்டன. ஒரு சின்ன பசுமைக்குடில் போட்டு வீட்டிலேயே வளர்த்தால் என்ன?

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் இருக்கும் அணுபுரத்திலோ, கடலை ஒட்டிய மாமல்லபுரத்திலோ இந்த ஆசையைக் கோடையில் நிறைவேற்றப் பார்த்தால் நடப்பது இதுதான்: செடி மளமளவென்று வளரும். கொத்துக் கொத்தாகப் பூக்கும். பிறகு அத்தனை பூவும் காம்பு மஞ்சளாகி, காலையில் தரையில் கிடக்கும்.

உடனே உரம் போதவில்லை என்று இன்னும் இரண்டு கரண்டி போடுவார்கள். தழைச்சத்து ஏறி இலை தடிக்குமே தவிர, காய் வராது. குற்றம் உரத்தில் இல்லை, இரவில் இருக்கிறது.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி என்பதுதான் அதற்குப் பழக்கம். இரவு வெப்பம் 15 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். பகல் 35, இரவு 24 என்று தாண்டினால் மகரந்தம் மலடாகிவிடும். செங்கல்பட்டுக் கடற்கரையில் ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் வரை இரவு 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. சின்னச் சின்ன செர்ரி தக்காளி இதைக் கொஞ்சம் தாங்கும். பெரிய பழ ரகங்களுக்குத்தான் பொறுமை கிடையாது.

குளிர்நாட்டில் கண்ணாடி வீடு கட்டுவது சூட்டைப் பிடித்து வைக்க. அதையே இங்கே பாலித்தீன் போர்த்தி, நாலு பக்கமும் அடைத்துக் கட்டினால் அது அடுப்பு. நமக்கு வேண்டியது வேறு மாதிரிக் குடில். மேலே மழைக்கு மட்டும் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன். நாலு பக்கமும் காற்று நுழைகிற, வெள்ளை ஈ நுழையாத பொடிக்கண் வலை. இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அந்த ஈதான். வந்த பிறகு மருந்து கிடையாது.

கூரைப் பாலித்தீன் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அப்படி ஓர் எச்சரிக்கை வந்தால், கூரையைச் சுருட்டி வைத்துவிட்டால் சட்டமாவது மிஞ்சும்.

குடிலைவிட முக்கியம் காலண்டர். செப்டம்பர் கடைசியில் விதை. அக்டோபர் இறுதியில் நாற்று நடவு. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது செடி கூரைக்கடியில் வளரும். டிசம்பரிலும் ஜனவரியிலும் இரவு 21 டிகிரியை ஒட்டி வரும்போது சரியாகப் பூத்து நிற்கும். இந்த இரண்டு மாதத்தில் பிடிக்கிற காய்தான் காய்.

ரகம் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 நல்ல ரகம்தான். ஆனால் குட்டைச் செடி, திறந்த வயலுக்கானது. அதற்கு உயரமான குடில் வீண். நுனி நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும் கொடி ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும். அதை ஒற்றைத் தண்டாக விட்டு, இலைக்கக்கத்தில் வரும் பக்கக்கிளைகளை விரல் நீளம் ஆவதற்குள் கிள்ளி, மேலே கட்டிய கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் சுற்றிவிட வேண்டும். கொத்துக்கு மூன்று நான்கு காய் போதும். மீதியைக் கிள்ளக் கை வராதுதான். ஆனால் எல்லாவற்றையும் விட்டால் எதுவும் பெரிதாகாது.

வலைக்குள் காற்றும் குறைவு, வண்டும் வராது. தக்காளிப் பூவை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். வெளிநாட்டுக் குடில்களில் இதற்காகவே பம்பிள்பீ வளர்க்கிறார்கள். அந்தத் தேனீ நம் சமவெளியில் கிடையாது. காலை பத்து மணிக்குள் கயிற்றை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். பேட்டரி டூத்பிரஷைக் காம்பில் லேசாகத் தொட வைப்பவர்களும் உண்டு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், வேலை நடக்கும்.

தண்ணீர்தான் கடைசிச் சோதனை. கடலோரத்துப் போர்வெல்லில் உப்பு இருந்தால் பழம் சிறுத்துவிடும். அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆவதும் பெரிய ரகங்களில்தான் அதிகம். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும், உப்பும், ஒருநாள் காய்ச்சல் ஒருநாள் பாய்ச்சல் என்ற தண்ணீரும் அதைப் பழத்துக்குப் போகவிடாது. குடில் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, சொட்டுநீராக அளவாக விடுவது நல்லது.

பிப்ரவரியில் வெயில் ஏறும். 30 டிகிரிக்கு மேல் போனால் பழத்தில் சிவப்பு நிறம் சரியாக ஏறாது, தோள்பட்டை மஞ்சளாகவே நிற்கும். அதனால் காய் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து, சமையலறைக் கூடையில் வைத்துப் பழுக்க விட வேண்டும். ஃப்ரிட்ஜில் வேண்டாம், மணமும் ருசியும் போய்விடும்.

மார்ச் கடைசியில் செடி இன்னும் பச்சையாக, உச்சியில் பூவோடுதான் நிற்கும். அந்தப் பூக்கள் காய்க்கப் போவதில்லை. பிடுங்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, அதே இடத்தில் வெண்டை ஊன்றலாம்.